கூடையில் வந்த செட்டு

ஜூன் 3, செவ்வாய்

காலை மாத்திரை போட்டாயிற்று.

இந்த ஒரு வரியைத்தான் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள் இசக்கியம்மாள். நர்ஸ் படிப்பு முடித்த பெண். சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவாள். இன்று என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"நூத்தி எழுவது இருக்கும்மா. மாத்திரைய ஒழுங்கா போடுதியளா?"

"வாயிலதாம்ட்டி போடுதேன். காதுலயா போடுவேன்?"

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு மாத்திரை சேர்க்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருப்பதாகக் கொடுத்தாள். இனி காலையில் இரண்டு. உப்பைக் குறைக்கணும், ஊறுகாய் கூடாது, தானாக நிறுத்தக் கூடாது என்று ஒப்பித்தாள். "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுதியளாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கேட்டதற்கு நேராகத்தான் பதில் சொன்னேன்.

ஒரு வரி எழுதி மூடிவைக்க எனக்கு மனசு வரவில்லை. போக்குவரத்துத் தொழிற்சங்கம் கொடுத்த டைரி, பக்கம் பக்கமாக வெறுமையாகக் கிடக்கிறது. பேசவும் ஆள் கிடையாது. ஆள் உண்டு, பதில் கிடையாது.

மத்தியானம் இவரைக் குளிப்பாட்டித் தூக்கி உட்கார வைத்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. பால்கனியிலிருந்து கீழ்க்கடைக்கு "அண்ணாச்சி, ஒரு செட்டு" என்று சத்தம் கொடுத்துக் கூடையை இறக்கினேன். போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் எழுந்து சாம்பார் வைத்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

காலை மாத்திரைகள் போட்டாயிற்று.

ஜூன் 7, சனி

மாத்திரைகள் போட்டாயிற்று.

பிற்பாடு இதை யாராவது படித்தால் தலைகால் புரியாது. அதனால் சொல்லிவைக்கிறேன். என் பெயர் வயலட். ஐம்பத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இவர் ஆசீர், என் வீட்டுக்காரர், அத்தை மகன், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மிச்சம்.

"ரைட்."

பசித்தாலும் ரைட், பாத்ரூம் வந்தாலும் ரைட், கொசு கடித்தாலும் ரைட். வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். என் பெயரையும்தான் முப்பத்து மூன்று வருஷம் சொன்னார், அது ஏன் ஒட்டவில்லை என்று நான் கேட்கவில்லை.

இவருக்கும் பிரஷர்தான். ஒருதடவை பார்த்தபோது நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். "நார்மல் ஆயிட்டுல்லா, பொறவு எதுக்கு மாத்திரை?" என்று அன்றோடு நிறுத்தினார். மாத்திரை போட்டதால்தான் நார்மலாக இருந்தது என்று இந்த மனுஷனுக்கு எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர். கேட்டால்தானே.

எனக்கும் அப்படி வந்தால் இவரை யார் தூக்குவது? பயமெல்லாம் அது ஒன்றுதான். நான் விழுந்தால் இவர் அந்தக் கட்டிலில் கிடந்தபடியே ரைட் ரைட் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒருவரும் வரமாட்டார்கள்.

ஜூன் 11, புதன்

மாத்திரைகள் போட்டாயிற்று.

தையல் மெஷின் மேல் இவருடைய துணிகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் இந்தத் தெருவில் என் கை படாத ஜாக்கெட் கிடையாது. இப்போது என் உலகம் கட்டிலிலிருந்து அடுப்பு, அடுப்பிலிருந்து பால்கனி. பால்கனிக் கம்பியில் கொடிக்கயிறும் அதன் நுனியில் ஒயர் கூடையும் கட்டியிருக்கிறேன். பால், காய்கறி, சோப்பு எல்லாம் அதில்தான் மேலே வருகின்றன. இறங்கினால் இவரைத் தனியாக விடவேண்டும். அதனால் கூடை இறங்குகிறது, நான் இறங்குவதில்லை.

நேர் கீழே மகராசன் அண்ணாச்சியின் மெடிக்கல் கடை. நல்ல மனுஷர். நான் கூப்பிட்டால் கல்லாவை விட்டு எழுந்து வந்து தானே கூடையில் போடுவார். "கண்டக்டரம்மா, இழுங்க!" என்பார். கண்டக்டரம்மாவாம். நான் எந்த பஸ்ஸில் விசில் ஊதினேன்?

இன்று ஒரு செட்டு. நேற்றும்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு நாளாக மாத்திரை மறந்துவிட்டது. இவருக்கு வயிற்றுப்போக்கு. துவைத்து, துடைத்து, மறுபடி துவைத்து, மாத்திரை நினைப்பு எங்கே வரும்? இன்று காலை விட்டதையெல்லாம் சேர்த்து மொத்தமாகப் போட்டுக்கொண்டேன். கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு இவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு எழுந்தேன். தரை நழுவியது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. இவர் மேலேயிருந்து "ரைட்... ரைட்... ரைட்..." என்றார். பயந்துபோய்ச் சொன்னாரா, கஞ்சி இன்னும் வேண்டும் என்று சொன்னாரா, தெரியவில்லை.

எழுதக் கூடாததுதான், எழுதிவிடுகிறேன். தரையில் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. யாரும் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை.

இசக்கியம்மாளுக்கு போன் போட்டேன். கத்தித் தீர்த்துவிட்டாள். "மறந்தா மறந்ததுதாம்மா. அன்னைக்கே ஞாபகம் வந்தா போடுங்க. மறுநாள் ஆயிட்டுன்னா விட்டுட்டு அன்னைக்குள்ளத மட்டும் போடணும். சேத்துப் போடவே கூடாது, கேட்டியளா?" இன்று பூராவும் எழும்போது மெதுவாக எழ வேண்டுமாம். மெதுவாக எழுந்தால் இந்த வீட்டில் எது நடக்கும்?

ஜூன் 22, ஞாயிறு

மாத்திரைகள் போட்டாயிற்று. கோவிலுக்குப் போகவில்லை. போகாமல் இருப்பதும் பழகிவிட்டது.

ஷைனி பெங்களூரிலிருந்து பேசினாள். ஒரே மகள். பேச்சு வழக்கம்போல முதியோர் ஹோமில் வந்து நின்றது. "அம்மா, உங்க பிரஷர் இப்படியே இருந்துதுன்னா ரெண்டு பேரையும் நான் இழக்கணும். ஆகஸ்ட் வரைக்கும் பாப்பேன். குறையலேன்னா அப்பாவ ஹோம்ல சேத்துருவேன். நான் நல்லா விசாரிச்சிட்டேன்."

"உங்க அப்பாவ பார்சல் பண்ணி அனுப்ப நான் உயிரோட இருக்க மட்டும் விடமாட்டேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் அந்த இடத்தின் விலாசத்தை அனுப்பியிருந்தாள். தோட்டம் இருக்கிறதாம். விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மெஷின் டிராயரில் போட்டுவைத்தேன். போன் தொலைந்துபோனால் என்ன செய்வது, அதற்காக.

ஜூன் 29, ஞாயிறு

கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

கீழ்வீட்டு ரெஜினா ஜெபக்கூட்டத்துப் பலகாரம் கொண்டுவந்தாள். "என்னக்கா, மூஞ்சி நல்லா பூசினாப்புல இருக்கு! அத்தானைப் பாக்குதேன்னு சொல்லிட்டு நீங்கதான் தேறிட்டிய போல" என்றாள். அவள் போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் உருண்டுதான் இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

காலுக்கு என்ன செய்ய என்று அண்ணாச்சியிடம் மேலிருந்தே கேட்டேன். "அது பிரஷர் மாத்திரையோட வேலை, கண்டக்டரம்மா. சில பேருக்கு வீங்கும். நாலு நாள் நிறுத்திப் பாருங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சும்மா கொடுக்கிற மாத்திரையில் எதைக் கலந்தார்களோ. செட்டு போட்டால் உடனே கேட்கிறது. இந்த மாத்திரை மாதக் கணக்கில் போட்டும் நூற்றி எழுபதை விட்டு இறங்கவில்லை. எது மருந்து என்று எனக்குத் தெரியாதா?

நாளையிலிருந்து பிரஷர் மாத்திரை இல்லை.

ஜூலை 3, வியாழன்

பிடரியில் வலி. இவருக்கு இட்லி ஊட்டும்போது கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காதீங்க அத்தான் என்று எரிந்து விழுந்தேன். கட்டிலைப் பால்கனிக் கதவோரம் இழுத்துப் போட்டேன், தெருவைப் பார்க்கட்டும்.

பஸ் போகும்போதெல்லாம் இவர் முகம் மாறுகிறது. தூத்துக்குடி ரூட்டில் இவருக்கு ஒரு பேர் உண்டு. ஏறுகிற ஆளின் இரண்டு காலும் படிக்கு மேல் வந்த பிறகுதான் ரைட் கொடுப்பார். அதற்கு முன் டிரைவர் நகர்த்தினால் "ஹோல்டான்!" என்று ஒரு சத்தம், பஸ்ஸே நடுங்கும். டிரைவர்களுக்கு இவரைக் கண்டால் ஆகாது. கிழவிகளுக்கு இவர் பஸ்தான் வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இசக்கியம்மாள் காலையில் வந்தாள். காற்றடித்தாள். மறுபடி அடித்தாள். இன்னொரு கையிலும் பார்த்தாள். இருநூறைத் தாண்டி நின்றது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கை கால் மரத்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள். எதுவும் இல்லை, தலைவலி மட்டும் என்றேன். மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிறுத்தாதப்பவே ஒங்களுக்கு எறங்கலயேம்மா. எனக்கு அதான் பிடிபட மாட்டேங்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற எந்த மாத்திரையும் எடுக்கலயா?"

"ஒண்ணும் எடுக்கல. எத்தன மட்டம் கேப்ப?"

அந்த நேரம் பார்த்துத்தான் கீழேயிருந்து குரல் வந்தது.

"கண்டக்டரம்மா! ஒங்க செட்டு கட்டி வச்சாச்சு! கூடைய விடுங்க!"

இசக்கியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இடுப்பு வலிக்கு வாங்குகிற செட்டு, அதை யார் மாத்திரை என்று சொல்வார்கள்? காய்ச்சலுக்கு ஒரு செட்டு, உடம்பு வலிக்கு ஒரு செட்டு, இந்த ஊரில் வாங்காத ஆள் யார்? டாக்டர் எழுதித் தந்தால் மாத்திரை. அண்ணாச்சி தாளில் மடித்துத் தந்தால் செட்டு. அப்படித்தான் என் மண்டையில் இருந்தது.

அவளே போய்க் கூடையை இறக்கி இழுத்தாள். பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், ஒரு குட்டி வெள்ளை.

"எத்தன நாளா?"

"இவரத் தூக்க ஆரம்பிச்சதுலருந்து அப்பப்போ. இந்த ஏழெட்டு மாசமா கிட்டத்தட்ட தெனமும்."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். இவரை விட்டு எப்படி வர என்றேன். படியிறங்கிப் போய் ரெஜினாவை அழைத்துவந்தாள். ரெஜினா, "ஒரு வார்த்த சொன்னா வரமாட்டனாக்கா?" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் நான் யாரையும் கூப்பிடவே இல்லை.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தெருவில் கால் வைத்தேன். ஆட்டோவில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. எங்கே போகணும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். வாய்வரைக்கும் வேறு ஊர் பேர் வந்துவிட்டது. நல்ல வேளை, இசக்கியம்மாள் முந்திக்கொண்டாள்.

சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்து, கொஞ்சம் இறங்கிய பிறகு அனுப்பினார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. வலி மாத்திரை உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும், பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையை வேலை செய்ய விடாது, கிட்னியையும் கெடுக்கும் என்றார். அந்தக் குட்டி வெள்ளைதான் ஸ்டீராய்டாம். முகம் பூசினாற்போல் ஆனதும் அதனால்தானாம். ரெஜினாவிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

"வலி மாத்திரைய இன்னையோட விட்டுருங்க. ஆனா இந்தக் குட்டி மாத்திரைய ஒரேயடியா நிறுத்தக் கூடாது, அதுவும் ஆபத்து. நான் எழுதித் தர்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும்" என்றார். கால் வீக்கத்துக்குப் பிரஷர் மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம், அப்படியென்றால் நான் மாற்றித் தருவேன், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். ரத்தம் எடுத்தார்கள்.

கண் முன்னால் நிற்கிறது. இவர் ஒன்றை நிறுத்தி விழுந்தார். நான் ஒன்றை நிறுத்தி, இன்னொன்றை விழுங்கி, இவர் பக்கத்திலேயே விழப் பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

மாத்திரைகள் போட்டாயிற்று. எல்லாம் டாக்டரம்மா சொன்னபடி. கிட்னி கொஞ்சம் களைத்திருக்கிறது, கெடவில்லை என்றார்கள்.

வலி. வேறு எதுவும் எழுத இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

மாத்திரைகள் போட்டாயிற்று. ஷைனி வந்திருக்கிறாள். அப்பாவைத் தூக்காமல் போர்வையை அடியில் கொடுத்து இழுத்துத் திருப்ப ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு வந்து எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். தனியாகத் தூக்கவே கூடாது, ரெஜினா அத்தையைக் கூப்பிடணும் என்று சத்தியம் வாங்கினாள். ஆகஸ்ட் கெடுவை மட்டும் விடவில்லை.

அண்ணாச்சி கடைக்குப் போய்ச் சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். அண்ணாச்சி மேலே பார்த்து, "நான் நல்லதுக்குத்தான கொடுத்தேன் கண்டக்டரம்மா" என்றார். கண் கலங்கியிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கேட்டது நான்.

ஜூலை 24, வியாழன்

மாத்திரைகள் போட்டாயிற்று. நூற்றி ஐம்பத்தி ரெண்டு. இசக்கியம்மாள் இரண்டு தடவை பார்த்தாள், இந்த முறை சந்தோஷத்தில்.

முகம் வற்றிப் பழையபடி ஆகிவிட்டது. வலி மட்டும் அப்படியே இருக்கிறது. முன்பு அரை மணி நேரத்தில் இந்த உடம்பிலிருந்து வெளியே போய்விட ஒரு கதவு இருந்தது. அதையும் சாத்திவிட்டார்கள். இப்போது நானும் வலியும் இவரும்.

ஆகஸ்ட் 2, சனி

மாத்திரைகள் போட்டாயிற்று. இன்று முதல் குட்டி வெள்ளை கிடையாது. டாக்டரம்மா முடித்துவிட்டார். தாங்க முடியாத வலிக்கு என்று சாதாரணக் காய்ச்சல் மாத்திரை ஒன்று தந்திருக்கிறார், அதற்கும் அளவு உண்டு. செட்டு அடித்த அடிக்கு இது தடவிக் கொடுக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் இவர் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். பாதி உடம்பு கீழே, பாதி மேலே. ரெஜினாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. கையைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்து மேலே போட்டேன். இடுப்பில் எதுவோ அறுந்தாற்போல் இருந்தது. நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே பால்கனிக்குப் போனேன்.

"அண்ணாச்சி. ஒரே ஒரு செட்டு."

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம்மா. ஒங்க மக என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிட்டா."

"இன்னைக்கு மட்டும் அண்ணாச்சி. உசுரு போவுது."

கூடையை இறக்கினேன். அழுதேன் போல, சரியாக நினைவில்லை. அவர் உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து போட்டார். மேலே பார்க்காமல் போய்விட்டார்.

இழுத்தேன். முதல் மாடி தாண்டியது. எனக்கு அந்தக் கணத்தில் பிரஷர் நினைவில் இல்லை, கிட்னி நினைவில் இல்லை, ஷைனி இல்லை. நான் விழுந்தால் யார் தூக்குவது என்ற அந்தப் பழைய பயம்கூட இல்லை. விழுந்தால் விழட்டும் என்றுதான் இருந்தது.

"ஹோல்டான்!"

வீடு அதிர்ந்தது. கீழே அண்ணாச்சி வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். "யாரும்மா அது? கண்டக்டரா?"

கயிற்றைப் பிடித்தபடி திரும்பினேன். இவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, இடது கையை உயர்த்திப் பிடித்திருந்தார். பஸ்ஸில் அந்தக் கையைத்தான் அப்படித் தூக்குவார். கண் கூடைமேல் இருந்தது. கதவோரம் கிடந்து இத்தனை நாளும் அவர் தெருவைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். என்னைத்தான் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இசக்கியம்மாள் சொன்னது, ஷைனி சொன்னது, நான் போனில் கத்தியது, எல்லாம்.

கூடை இரண்டாவது மாடிக்கு நேராக ஆடிக்கொண்டு நின்றது. இறக்கினேன். "எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த கோபம்! "ரெண்டு வருஷமா எங்க வச்சிருந்தீங்க இந்த வார்த்தைய? எம்பேரச் சொல்ல வரல, தண்ணி கேக்க வரல, இதுக்கு மட்டும் வருதோ?" என்று கத்தினேன். கத்திக் கத்தி அழுதேன். இவரும் அழுதார். சத்தம் கேட்டு ரெஜினா ஓடிவந்தாள். வெந்நீர்ப் பையும் டாக்டரம்மா தந்த மாத்திரையும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். இவரைத் திருப்பியதும் அவள்தான். இனி காலையிலும் சாயங்காலமும் வந்துவிட்டுப் போகிறேன் என்றாள். சரி என்றேன். அந்தச் சரி என் வாயில் வர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

மெஷின் டிராயரில் அந்த விலாசத் துண்டு இருக்கிறது. கிழிக்கவில்லை. பிரஷர் இறங்கினாலும் இந்த மூன்று மாடி இறங்காது. ஒருநாள் தேவைப்படலாம். அப்போது இவரிடமும் கேட்டுத்தான் முடிவு செய்வேன்.

ரெஜினா போன பிறகு, படுத்துக்கொள்ளத் தரையில் பாய் போடக் குனிய முடியவில்லை. இவர் பக்கத்தில் கட்டிலோரம் உட்கார்ந்தேன். ஒரு காலை மேலே எடுத்துவைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மற்றது வர மறுத்தது. இவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அதையும் தூக்கி மேலே வைத்தேன்.

இரண்டு காலும் ஏறியதைப் பார்த்த பிறகுதான் சொன்னார்.

"ரைட்."